ஒரு அறை கூடுதல்

2 அக்டோபர் 2004, சனிக்கிழமை

என் ஞானமகள் தெமெனுகாவுக்கு,

இறைவன் உன்னைக் காக்கட்டும். இந்தக் கடிதத்தை இத்தாலி பஸ் ஓட்டும் கிரிலிடம் கொடுக்கிறேன். கூடவே குடைமிளகாய் மசியல் இரண்டு பாட்டில். "கடுதாசிக்கு காசு வேண்டாங்கா, பாட்டிலுக்குத்தான் வேணும். போன தடவ ஒருத்தர் பாட்டில் உடைஞ்சு என் இஞ்சினே மணந்துச்சு" என்றான். மூடியை மெழுகு ஊற்றி அடைத்திருக்கிறேன். உடைந்தால் அவன் பிரேக் போட்ட குற்றம், என் குற்றம் அல்ல.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். போனில் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், இந்தக் கட்டடத்தின் சுவர் அப்பளம். நான் கத்தியதை மறுநாள் கீழ் மாடி லோசானா எனக்கே திருப்பிச் சொல்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

குளிர்கால எரிபொருள் உதவிக்கு மனுக் கொடுக்கப் போனேன். அதைக் கவனிக்கும் பெண்ணின் பெயர் டிலியானா. விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறாள். மற்றவர்களுக்கு வெப்பம் வழங்கும் அந்த அறையில் அவளுக்கே வெப்பம் இல்லை. என் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஓய்வூதியம் சரி. வயசு சரி. தனியா இருக்கீங்க, அதுவும் சரி. ஆனா அம்மா, நாலு வருஷத்துக்கு முன்னால நோட்டரிகிட்ட ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கீங்களே?"

"ஆமா. வீட்ட என் ஞானமகளுக்கு எழுதிக் கொடுத்தேன். நான் கண்ண மூடுற வரைக்கும் அவ என்னைப் பாத்துக்கணும். எல்லாரும் செய்றதுதானே."

"அங்கதான் சிக்கல். பாத்துக்க ஆள் இருக்கறவங்களுக்கு விறகு கிடையாது."

"ஆளு இத்தாலியில இருக்கா, பொண்ணே."

"காகிதத்துல உங்க பக்கத்துலதான் இருக்கா."

பின்னால் வரிசையில் நின்ற கிழவர் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் ஏன் அப்படி எழுதினோம் என்பது உனக்குத் தெரியும். என் கணவர் கெஞ்சோ இறந்து நாற்பதாம் நாள் பூசையிலேயே அவருடைய அண்ணன் மகன்கள் இருவரும் ஜன்னல் அகலத்தை அளந்தார்கள். நீயோ உன் அம்மா போன நாளிலிருந்து இந்த வீட்டில் சாப்பிட்டவள். நீல விரிப்பு போட்ட கட்டிலில் படுத்துத் தையல் பள்ளிக்குப் போனவள். யாருக்குக் கொடுப்பேன்? அப்போது யாராவது 'இப்படி எழுதினால் அடுப்பு அணையும்' என்று சொல்லியிருந்தால் உயில் எழுதியிருப்பேன்.

டிலியானா நல்ல பெண்தான். "மனுவ இப்பவே குடுத்து வைங்க. மாசக் கடைசிக்கு மேல வாங்க மாட்டாங்க. ரெண்டு பேரும் சம்மதிச்சு ஒப்பந்தத்தைக் கலைச்சிட்டு தாளைக் கொண்டு வந்தா, குளிர்காலம் முழுசுக்கும் சேத்துப் போட்டுடலாம்" என்றாள். கொடுத்துவிட்டேன். அங்கே நம் நாட்டுத் தூதரகத்தில் ஒரு சம்மதக் கடிதம் எழுதி முத்திரை வாங்கி அனுப்பு. வீடு எப்படியும் உனக்குத்தான். பிறகு உயிலாக எழுதிக்கொள்வோம்.

உன் ஞானத்தாய்,
வெலிக்கா

*

14 அக்டோபர்

அன்புள்ள ஞானம்மா,

மசியல் உடையாமல் வந்தது. நான் வேலை செய்யும் வீட்டு சிஞ்ஞோரா ஒரு கரண்டி ருசித்துவிட்டுக் காரம் என்று கண்ணில் நீர் விட்டார். எனக்கு மிச்சமாயிற்று.

நான் இருக்கும் பொலோனியாவில் தூதரகம் இல்லை. அதற்கு ரயில் ஏற வேண்டும். எனக்கு வியாழன் மதியமும் ஞாயிறு பாதி நாளும்தான் வெளியே போக அனுமதி. எந்த அலுவலகம் அந்த நேரத்தில் திறந்திருக்கும்? கொஞ்சம் பொறுங்கள். நோட்டரியிடம் நீங்கள் தனியாகப் போக வேண்டாம். அவர்கள் கேட்கும் கேள்வி உங்களுக்குப் புரியாது.

கிரிலிடம் ஒரு உறை கொடுத்திருக்கிறேன். விறகு வாங்கிக்கொள்ளுங்கள். காய்ந்த ஓக் கட்டையாகப் பார்த்து வாங்குங்கள். சந்தையில் ஈரக்கட்டையைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 'ஆள் இத்தாலியில் இருக்கிறாள்' என்று வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னீர்களா? அந்தக் கிழவர் எதற்காகச் சிரித்தார்? என்னைப் பற்றித்தானே? நான் இங்கே ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை, ஞானம்மா.

தெமெனுகா

*

26 அக்டோபர், புனித திமித்ரி திருநாள்

தெமெனுகாவுக்கு,

விறகு வாங்கினேன். ஓக் கட்டைதான். பிளந்து, பால்கனியில் அடுக்கி, மேலே பழைய கம்பளம் போட்டிருக்கிறேன். சிக்கனமாக எரித்தால் கிறிஸ்துமஸ் வரை வரும். உறை கொண்டுவந்த கிரில் வாழ்க, பணம் அனுப்பிய நீ வாழ்க.

நோட்டரியிடம் போனேன். நீ போகாதே என்றாய், அதனால்தான் போனேன்.

அந்த எழுத்தர் கேட்ட கேள்வி எனக்கு நன்றாகவே புரிந்தது. "வங்கியோட சம்மதம் எங்கம்மா?" என்று கேட்டான். எந்த வங்கி என்றேன். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினான். என் சமையலறை, என் குளியலறை, உன் கட்டில் கிடக்கும் அறை, கெஞ்சோ கையால் பலகை அடித்த பால்கனி, எல்லாம் மூன்றரை வருடத்துக்கும் மேலாக அடமானத்தில் இருக்கிறது. "உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அவனே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தான். நோட்டரியிடம் இருவர் கையெழுத்து வைத்து இனிக் கலைக்க முடியாதாம். வங்கி விடாதாம்.

என் தலைக்கு மேலிருக்கும் கூரையை எனக்குத் தெரியாமல் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். அதற்குப் பிறகு இரண்டு ஈஸ்டர் இந்த மேசையில் உட்கார்ந்து முட்டை உடைத்தாய்.

முன்காலத்தில் இந்தத் திருநாளில்தான் வேலைக்காரர்களின் கணக்கை முடித்து அனுப்புவார்கள் என்று பாதிரியார் இன்று சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றேன்.

மன்னிப்புக் கேட்காதே. காரணத்தை எழுது.

வெலிக்கா

*

9 நவம்பர்

ஞானம்மா,

காரணம் வென்சிதான். வேறு யார்?

வேன் வாங்கினால் விதினுக்கும் தலைநகர் சோபியாவுக்கும் இடையே ஆள் ஏற்றலாம், இரண்டே வருடத்தில் கடன் தீரும் என்றான். அவன் பெயரில் வங்கி ஒரு சைக்கிளுக்குக்கூடக் கடன் தராது. வீடு என் பெயரில் இருந்தது. கையெழுத்து வைத்தேன். கணவன் கேட்டான், வைத்தேன். உங்களிடம் சொன்னால் 'வேண்டாம்' என்பீர்கள். 'வேண்டாம்' என்றால் கேட்டுவிடுவேன் என்ற பயத்தில் சொல்லவில்லை. வேனை விற்றுவிட்டு அவன் ஸ்பெயினுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். யாரோடு போனான் என்பதும் ஊருக்கே தெரியும்.

அதனால்தான் இங்கே வந்தேன். ஒவ்வொரு மாதமும் வங்கிக்கு முதலில் கட்டுகிறேன். இதுவரை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. வீட்டை யாரும் எடுக்க முடியாது. அதை மட்டும் நம்புங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் தங்கலாம் என்ற முத்திரையோடு வந்தவள் நான். இரண்டு வருடம் ஆகிறது. எல்லையில் கடவுச்சீட்டைத் திறந்தால் ஐந்து வருடத்துக்கு உள்ளே வராதே என்று முத்திரை அடித்துவிடுவார்கள். ஊருக்கு வரலாம். வந்தால் திரும்ப முடியாது. திரும்ப முடியாவிட்டால் வங்கிக்குக் கட்ட முடியாது. கட்டாவிட்டால் நீங்கள் தெருவில். ஈஸ்டருக்கு ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு முறையும் ஒரு பொய் சொன்னேன் அல்லவா? உண்மை இதுதான்.

நான் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோரா இதாவுக்கு எண்பத்தேழு வயது. குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், அவர் அறையிலேயே மடக்குக் கட்டிலில் படுக்கிறேன். வீடு எப்போதும் ரொட்டி பொங்க வைக்கும் இடம் போல வெதுவெதுப்பாக இருக்கும். மகன் உத்தரவு. உங்களைப் பார்த்துக்கொள்வேன் என்று சிலுவை போட்டுக் கையெழுத்திட்ட கையால் வேறொருத்தியின் முதுகைத் தேய்க்கிறேன். இதை யாரிடம் சொல்வது?

இங்கே பக்கத்து வீட்டில் வேலை செய்யும் மால்டோவாக்காரி ஒரு வழி சொன்னாள். நீங்கள் என் மேல் வழக்குப் போடுங்கள். சொன்னபடி பார்த்துக்கொள்ளவில்லை என்று போட்டால் நீதிமன்றம் ஒப்பந்தத்தை உடைத்துவிடும். வீடு உங்கள் பெயருக்கு வரும். அடமானம் அதோடு ஒட்டிக்கொண்டுதான் வரும், ஆனால் கடன் என் தலையில். நான் கட்டிக்கொண்டே இருப்பேன். நீதிமன்றக் கடிதத்துக்கு 'மறுப்பு இல்லை' என்று எழுதி அனுப்பிவிடுகிறேன். உங்களுக்கு விறகு கிடைக்கும்.

நான் உங்களைப் பார்த்துக்கொள்ளவில்லை. அது உண்மைதானே. உண்மையைச் சொல்ல என்ன தயக்கம்?

தெமெனுகா

*

20 ஜனவரி 2005

மகளே,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணமில்லை. கோபம் நவம்பரிலேயே தணிந்துவிட்டது. பிறகு விரல் விறைத்துப்போய்ப் பேனா பிடிக்க முடியவில்லை. இப்போது லோசானாவின் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வழக்குப் போட்டாயிற்று. மார்ச் முதல் தேதி விசாரணை. அதை எழுதும்போதே கை கூசுகிறது. பிறகு சொல்கிறேன்.

விறகு கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ந்தது. உன் அறையை அடைத்து, கதவிடுக்கில் பழைய கோட்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன். என் அறையில் நான் படுக்க மட்டும் போகிறேன். காலையில் திருப்படத்துக்கு முன் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி இறங்கி லோசானா வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அவளுக்கு உதவி கிடைக்கிறது. அவள் பெயரில் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் மகன் விற்றுத் தின்றுவிட்டான். "பாத்தியா வெலிக்கா, ஒரு ஊதாரிப் புள்ள இருந்தா இப்படி ஒரு நன்மை. உனக்கு நல்ல ஞானமக வாய்ச்சா, குளிர்ல சாவு" என்கிறாள். அவள் வாயை நீ அறிவாய். மனம் தேன்.

ஆனால் அந்த உதவி ஒரு ஆளுக்கானது. அந்த வீட்டில் இன்னொருத்தி குடியிருப்பது தெரிந்தால் என் ஓய்வூதியத்தையும் வருமானத்தில் கூட்டி அவளுடைய உதவியையும் நிறுத்திவிடுவார்கள். வீடு வீடாகப் பார்க்க வருவதும் அதே டிலியானாதான்.

முதலில் புனித நிக்கோலா திருநாளன்று வந்தாள். நான் லோசானாவின் கம்பளிச் செருப்பைப் போட்டுக்கொண்டு மீனுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். செருப்பையே பார்த்தாள்.

"அம்மா, நீங்க மூணாவது மாடிதானே?"

லோசானா முந்திக்கொண்டாள். "செத்துப்போன என் வீட்டுக்காரர் பேரு நிக்கோலா. இன்னைக்கு அவர் பேர் நாள். பேர் நாளுக்கு யாராவது அழைப்பு வச்சா வருவாங்க? தானா வந்திருக்கா. நீயும் உக்காரு, மீனு வேகுது."

டிலியானா உட்காரவில்லை. எழுதவும் இல்லை.

அடுத்து புனித இக்னாத் நாள் காலை. நான் வாசலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தேன், கதவு தட்டியது. லோசானா திறந்தாள். அவ்வளவுதான், "அய்யோ, முதல் ஆளா இவ வந்துட்டாளே!" என்று அலறினாள். அன்று வாசல் மிதிக்கும் முதல் ஆளைப் பொறுத்துத்தானே வருடம் முழுவதும் வீட்டு அதிர்ஷ்டம்? "வலது கால வச்சு வா! உள்ள வந்தா நேரா உக்காரணும், இல்லேன்னா கோழி அடை காக்காது!" என்று அந்தப் பெண்ணின் தோளை அழுத்தி என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். கையில் ஒரு பிடி வால்நட்டைத் திணித்தாள்.

"எந்தக் கோழி?" என்றாள் டிலியானா. "ரெண்டாவது மாடியில ஏது கோழி?"

"கோழி இல்லேன்னா என்ன? பழக்கம் இருக்குல்ல?"

அந்தப் பெண் அடுப்பருகே உட்கார்ந்தவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கையுறையைக் கழற்றினாள். விரல் எல்லாம் சிவந்திருந்தது. எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். போகும்போது என்னைப் பார்த்து, "நீங்க இன்னைக்கும் விருந்தாளியா?" என்றாள். விருந்தாளிதான் என்றேன். பொய் இல்லை, மகளே. நான் யார் வீட்டில் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று இறைவனுக்குத் தெரியும். பொய் சொல்லாமல் ஒளிந்துகொள்வது எப்படி என்று இந்தக் குளிர்காலத்தில் கற்றுக்கொண்டேன். அதில் பெருமை இல்லை.

முந்தாநாள் மூன்றாவது முறையாக வந்தாள். இந்தத் தடவை அவளே ஆரம்பித்தாள். "இன்னைக்கு எந்தப் புனிதர், அம்மா?"

"அதனாஸ். பட்டுச் சட்டை போட்டுகிட்டு, வெள்ளக் குதிரையில மலையேறி, 'குளிரே போ, கோடையே வா'ன்னு கூப்பிடுற நாள்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். டான்யூப் கரையோரம் உறைந்து கிடந்தது. "பட்டுச் சட்டையா? பாவம், அவருக்கும் உதவி கிடைக்கல போல" என்றாள். மூவரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "இந்த நோட்டுல நான் ஏதாவது எழுதியாகணும் அம்மா. எத்தனை தடவதான் விருந்தாளின்னு எழுதுறது? சீக்கிரம் வழக்க முடிங்க."

அதனால் லோசானாவின் அடுப்பும் இப்போது என் வழக்கில் தொங்குகிறது.

நீதிபதி என்னிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதானாம்: அவள் உங்களைப் பார்த்துக்கொண்டாளா? 'இல்லை' என்று சொல்ல வேண்டும். நீ அனுப்பிய விறகில் ரொட்டி சுட்டிருக்கிறேன். 'ஆம்' என்றும் சொல்ல வாய் வரவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது தண்ணீர் கொடுத்தது லோசானா. பாதிரியாரிடம் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்கள்" என்றார். எது என்று கேட்டதற்கு இருமினார்.

பிப்ரவரி முடிவதற்குள் சேரும்படி சிவப்பு வெள்ளை நூல் உள்ளே வைத்திருக்கிறேன். மார்ச் முதல் தேதி மணிக்கட்டில் கட்டிக்கொள். நாரை வருவதைப் பார்க்கும் வரை அவிழ்க்காதே. அங்கே நாரை வருமா?

உன் ஞானத்தாய்

*

6 பிப்ரவரி

ஞானம்மா,

'இல்லை' என்று சொல்லுங்கள். ஒரே ஒரு சொல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நீங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்குவதை நினைத்தால் எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது. நேற்று சிஞ்ஞோரா தூங்கிய பிறகு ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன். உங்களுக்கு இருக்கும் குளிரில் கொஞ்சமாவது எனக்கும் வேண்டும் போலிருந்தது. அதற்குள் அவர் விழித்துக்கொண்டு "கார்லா, ஜன்னலைச் சாத்து" என்றார். கார்லா அவருடைய மகள். மிலானில் இருக்கிறாள். இரண்டு வருடத்தில் நான் பார்த்ததில்லை. சாத்தினேன். "நல்ல பொண்ணு, நீ மட்டும் என்னை விட்டுப் போகல" என்றார். அந்தப் பாராட்டு எனக்குரியதும் இல்லை, கார்லாவுக்குரியதும் இல்லை. யாருக்கு அனுப்பிவைப்பது என்று தெரியாமல் விடிய விடியக் கிடந்தேன்.

மனம் இளகிவிடாதீர்கள். நீதிபதி முன்னால் விறகு அனுப்பினாள், உறை அனுப்பினாள் என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். உங்கள் கணக்கு வைக்கும் பழக்கம் எனக்குத் தெரியும். சொன்னால் வழக்கு போயிற்று.

நூல் கிடைத்தது. இங்கே நாரை இல்லை. நதிக்கரையில் கொக்கு மாதிரி ஏதோ நிற்கிறது. அதையே வைத்துக்கொள்கிறேன்.

தெமெனுகா

*

5 மார்ச்

என் தெமெனுகா,

'இல்லை' என்று சொன்னேன்.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், இல்லாவிட்டால் நீ உன் மனத்தில் வேறு மாதிரி கற்பனை செய்துகொள்வாய். நீதிபதி நடுவயதுப் பெண். மார்ச் முதல் தேதி அல்லவா, அவர் கறுப்பு அங்கியின் கைக்குள்ளிருந்து சிவப்பு வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது. உன் கையிலும் இந்நேரம் இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அப்போது வந்திருக்கக் கூடாது.

முதலில் லோசானா சாட்சி சொன்னாள். "வந்து பார்த்துக்கொண்டாரா?" என்று கேட்டதற்கு, "யாரும் வரல கனம் நீதிபதி அவர்களே. காய்ச்சலப்போ நான்தான் இருந்தேன். வேற யாரு இருப்பா, என்னைத் தவிர இந்தக் கட்டடத்துல எல்லாம் செவிடு" என்றாள். நீதிபதி மேசையைத் தட்டினார்.

பிறகு என்னைக் கேட்டார். "உங்களைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டவர், பார்த்துக்கொண்டாரா?"

நான் நூலையே பார்த்துக்கொண்டு நின்றேன். லோசானா பின்னாலிருந்து, "சொல்லேன்டி" என்று முணுமுணுத்தாள். இல்லை என்றேன். சத்தம் வரவில்லை போலிருக்கிறது. எழுத்தர், "கேட்கவில்லை, இன்னொரு முறை" என்றார். இன்னொரு முறை சொன்னேன். ஒரு முறை சொல்லத்தான் தயாராக வந்திருந்தேன், மகளே. இரண்டு முறை சொல்ல வைத்துவிட்டார்கள்.

உன் 'மறுப்பு இல்லை' கடிதத்தைப் படித்தார்கள். ஒப்பந்தம் முறிந்தது. வெளியே வந்ததும் லோசானா முட்டை ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். "ஜெயிச்சவ மூஞ்சியா இது? துஷ்டிக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்க" என்றாள். பாதியைப் பறவைகளுக்குப் போட்டேன்.

நாளை விட்டு அடுத்த ஞாயிறு மன்னிப்பு ஞாயிறு. தவக்காலம் தொடங்குமுன் சிறியவர்கள் பெரியவர்களிடமும், ஞானமக்கள் ஞானப் பெற்றோரிடமும் வந்து கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்கும் நாள். நீ சிறுமியாக இருந்தபோது எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்க வேண்டிய வரியை மறந்துவிட்டு வாசலில் நிற்பாய்.

இந்த வருடம் முறையை மாற்றுகிறேன். பெரியவள் சிறியவளிடம் கேட்கிறேன். அந்த வரி உனக்கு இப்போது நினைவிருக்கும்.

என்னை மன்னித்துவிடு, மகளே.

வெலிக்கா

*

13 மார்ச், ஞாயிறு

ஞானம்மா,

இறைவன் மன்னிப்பார். நானும் மன்னித்தேன். நீங்களும் என்னை மன்னித்துவிடுங்கள்.

இதை எழுதுமுன் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை. சிஞ்ஞோராவுக்குச் சூப் ஊட்டி வாயைத் துடைத்த பிறகு, அவர் கையை எடுத்து முத்தமிட்டு நம் மொழியில் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். பிறகு, "இந்தச் சூப்ல உப்பு இல்ல" என்றார்.

இனி உங்களுக்கு விறகு வரும். அது போதும். எனக்கு அது போதும்.

உங்கள் தெமெனுகா

*

2 ஏப்ரல்

என் மகளுக்கு,

தீர்ப்புத் தாளில் முத்திரை விழுந்ததும் டிலியானாவிடம் கொண்டு போனேன். இன்னும் கையுறைதான். சந்தோஷமாக வாங்கினாள். "அப்பாடா, இனி உங்களுக்காக ஒவ்வொரு புனிதரா நான் மனப்பாடம் பண்ண வேண்டாம்" என்றாள். பக்கத்தைத் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, இப்ப வீடு உங்க பேர்லயா?"

"அதுக்குத்தானே இவ்வளவும்?"

"எத்தனை ரூம்?"

"நீதான் கட்டடத்தையே மனப்பாடமா வச்சிருக்கியே. ரெண்டு ரூம், சமையலறை தனி."

"தனி ஆளுக்கு சொந்த வீடுன்னா ஒரு ரூம்தான் இருக்கலாம். ஒரு ரூம் கூடுதல்."

"போன அக்டோபர்லயும் அதே ரெண்டு ரூம்தானே இருந்துச்சு?"

"அப்ப அது உங்க வீடு இல்லையே. சொந்தம் இல்லாத வீட்டுக்கு ரூம் எண்ண மாட்டாங்க."

"இத அப்பவே சொல்லக் கூடாதா, பொண்ணே?"

அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "முதல் கதவே சாத்தியிருந்துச்சு அம்மா. அதுக்குப் பின்னால இன்னொரு கதவு இருக்கும்னு யாரு பாத்தா?"

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது உன் முகம் அல்ல, லோசானாவின் அடுப்பு. குளிர்காலம் முழுவதும் நான் எரித்த அவளுடைய விறகு. பணம் வந்ததும் ஒரு வண்டி கட்டை அவள் வாசலில் இறக்கலாம் என்றிருந்தேன்.

டிலியானா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அவள் எனக்கு நல்லதைத்தான் செய்யப் பார்த்தாள். அதை எழுதிவிட வேண்டும்.

"அந்த ரெண்டாவது ரூம் சாமான் போடுற இடம், ஆள் தங்க லாயக்கில்லைன்னு நான் எழுதிக்கறேன். உள்ள கட்டில் மட்டும் இருக்கக் கூடாது. நான் வந்து பாக்கறப்ப காலியா இருக்கணும். அங்க யாரும் குடியில்ல, யாரும் வரப்போறதும் இல்லைன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். எல்லா மாசத்துக்கும் சேத்து வந்துடும்."

தாளை என் பக்கம் நகர்த்தினாள். பேனாவையும் கொடுத்தாள். மை உறைந்திருக்கும் என்று அதை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து உருட்டிச் சூடாக்கிக் கொடுத்தாள்.

வாசித்தேன். 'குடியிருப்பவர் எவரும் இல்லை. வர இருப்பவர் எவரும் இல்லை.' எழுத்து தெளிவாக இருந்தது. யாரும் சத்தமாகச் சொல்லச் சொல்லவில்லை, நீதிமன்றத்தைவிட எளிது. கட்டிலை லோசானாவும் நானும் சேர்ந்து அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம்.

பேனாவை மேசை மேல் வைத்தேன்.

"அந்த ரூம்ல கட்டில் இருக்கு" என்றேன்.

"தெரியும் அம்மா. அதத்தான் எடுத்துடுங்கன்னு சொல்றேன்."

"அது என் மகளோட கட்டில்."

"அவதான் வரலையே. நீங்களே நீதிமன்றத்துல சொன்னீங்களே."

"அவ பாத்துக்கலைன்னு சொன்னேன். வர மாட்டான்னு சொல்லல."

"அம்மா, ஒரு கட்டிலுக்காகவா?" அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "அடுத்த டிசம்பர்ல நான் வருவேன். இதே நோட்டோட வருவேன். என்னால எழுதாம இருக்க முடியாம போகலாம்."

"வா. வலது கால வச்சு வா" என்றேன்.

செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. நீ இதைப் படித்துக் கத்துவாய் என்பது தெரியும். நீ பெயரைக் கெடுத்துக்கொண்டாய், நான் இரண்டு முறை அந்தச் சொல்லைச் சொன்னேன், கடைசியில் ஒரு கட்டைகூட வரவில்லை. லோசானாவிடம் சொன்னேன். அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு, "பைத்தியமே, அந்தக் கட்டில எரிச்சிருந்தாலே ஒரு வாரம் ஓடியிருக்கும்!" என்றாள். சொல்லிவிட்டு என் நாற்காலியை அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "சரி உக்காரு. இன்னைக்கு யாரு பேர் நாள்?"

வங்கிக்குக் கட்டுவதை நிறுத்தாதே. எல்லையைத் தாண்ட அவசரப்படாதே. நீ அங்கே அடைபட்டுக் கிட, நான் இங்கே அடைபட்டுக் கிடக்கிறேன். நடுவில் கிரில் பஸ் ஓட்டட்டும். அடுத்த குளிர்காலத்துக்கும் நாள்காட்டியில் புனிதர்களுக்குப் பஞ்சமில்லை.

நேற்று உன் அறைக் கதவைத் திறந்தேன். கதவிடுக்கில் வைத்த கோட்டை எடுத்து உதறி மாட்டினேன். நீல விரிப்பைத் துவைத்து, காய வைத்து, திரும்பப் போட்டிருக்கிறேன். எப்போது வந்தாலும் சரி.

வரும்போது கம்பளி உடுத்தி வா. அறை குளிராகத்தான் இருக்கும்.

உன் ஞானத்தாய்,
வெலிக்கா